முந்நூற்று ஒன்றுக்கு முந்திய ஒன்பது நிமிடம்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். பொய்யில்லை. டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளன் நான். நடுவில் ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் குரல் கொடுக்கிறவர்கள். அங்கே யாராவது காகிதத்தைச் சரசரவென்று திருப்பினால்கூட இந்தப் பக்கம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி எனக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. பதினொரு வருடமாக அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கல்யாணமே அப்படி நடந்ததுதான்.

ராட்சத ரோபோக்கள் சண்டை போடும் அந்த அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடரை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். வெண்காவலன் என்ற வெள்ளை ரோபோவின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என் மனைவிதான் குரல். பொடியன்களுக்குப் பெண்கள் பேசுவது எங்கள் தொழில் வழக்கம். நிஜப் பையனைப் பேசவைத்தால் இரண்டு வருடத்தில் அவனுக்குக் குரல் உடைந்துவிடும். தொடரோ பத்து வருடம் ஓடும்.

போன வருடம் அவளுக்குத் தொண்டை கட்டியது. கட்டினது கட்டினபடியே இருந்தது. கஷாயம், மாத்திரை, வாய் கொப்பளிப்பு எல்லாம் ஆகி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பன்னிரண்டு நாளில் தேதி. "அதுவரைக்கும் பேசலாமா?" என்று கேட்டாள். "தாராளமா பேசுங்க" என்றார் அவர். தாராளமாக என்ற சொல்லை நான் அன்றைக்கு வெறுத்ததுபோல் எந்தச் சொல்லையும் வெறுத்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம், அவள் லட்சணமும் அப்படி. அம்மா குரல் அவளுக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவிலிருந்து ஒரு மைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே மாட்டினேன். எட்டு வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் பிறந்தநாள் வாழ்த்து, பரீட்சைக்கு முன்னால் ஒரு தைரிய வார்த்தை, தூங்கவைக்க இரண்டு கதை எல்லாவற்றையும் நானே எழுதியும் கொடுத்தேன். முதல் தாளை வாசித்துவிட்டு அவள் என் மேலேயே விட்டெறிந்தாள்.

"என்ன இது, ரயில்வே அறிவிப்பா?"

"அப்ப நீயே உனக்குத் தோணினதைப் பேசு."

மைக்கைப் பார்த்தாள். "வாலு, அம்மா பேசறேன்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மூன்று நாள் முயன்றோம், மூன்று நாளும் அந்த இடத்திலேயே நின்றது. "பையனா நின்னா பக்கம் பக்கமா பேசுவேன். நானா நின்னா எனக்கு வாய் வரமாட்டேங்குது. விடு, ப்ளீஸ்" என்றாள். நான் கத்தினேன். அவள் குரலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும்போதும் கத்தினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த வாரம்தான் வீடியோ கேம் வந்தது. அதே தொடரை வைத்து ஒரு சண்டை விளையாட்டு: வட்டமான ஒரு களம், இந்தப் பக்கம் இரண்டு ரோபோ, அந்தப் பக்கம் இரண்டு ரோபோ, கூட்டாளியைக் காப்பாற்றிக்கொண்டே எதிராளியை வீழ்த்த வேண்டும். ஒவ்வொரு ரோபோவும் ஓடும்போது, அடிக்கும்போது, அடி வாங்கும்போது உள்ளிருக்கும் ஆள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வெண்காவலனுக்கு மட்டும் முந்நூற்று நாற்பது வரிகள். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"பதினோரு வருஷமா நான் ஓட்டின வண்டி. கடைசி ஓட்டத்தை இன்னொருத்தர் கையில குடுப்பேனா?"

டப்பிங் இயக்குநரை நாங்கள் இன்னொண்ணு என்போம். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் "இன்னொண்ணு குடுங்க" என்பார். நல்ல மனிதர். அவளுடைய கரகரப்பைக் கேட்டுவிட்டு, "கேம்ல பையன் போர் பார்த்து வந்தவன்மா, இந்தக் குரல்தான் சரி" என்றார். அது பாதி உண்மை, பாதி கருணை.

மூன்று நாள் பதிவு. எங்கள் வேலையில் ஒரு வரிசை உண்டு. பேச்செல்லாம் முதலில், அலறல்கள் கடைசியில். ஒரு முறை நெஞ்சு கிழியக் கத்திவிட்டால் அன்றைக்கு அந்தத் தொண்டையில் வேறு எதுவும் வராது. ஆக ஒன்றிலிருந்து முந்நூறு வரைக்கும் பேச்சு. "பின்னால பாரு!", "நான் இருக்கேன், நீ போ!", "அக்கா, வலதுபக்கம்!" இந்த மாதிரி. முந்நூற்று ஒன்றிலிருந்து அலறல். அடி வாங்குவதில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று எட்டெட்டு. பிறகு தீப்பிடித்தால், சுவரில் மோதினால், எழுந்தால் என்று ஒரு பட்டியல். வழக்கமாகச் சின்னதில் தொடங்கிப் பெரியதற்குப் போவோம். அவள் தொண்டை எந்த நிமிடம் கைவிடும் என்று தெரியாததால், ரோபோ வெடித்து விழும் அந்தப் பெரிய அலறலையே முந்நூற்று ஒன்றாகப் போடச் சொன்னார் இன்னொண்ணு.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு முந்நூறு முடிந்தது. இன்னொண்ணு போன் பேச வெளியே போனார். என் மனைவி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "வெந்நீர் கொண்டுவா. நல்லா கொதிக்கவச்சுக் கொண்டுவா" என்றாள். சமையலறை கீழ்த்தளத்தில். போய் வர ஒன்பது நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலறலுக்கு முன்னால் பயம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொண்ணும் போன் முடிந்து வந்தார். நான் "முந்நூற்று ஒன்று" என்று எண் சொன்னேன். அவள் அலறினாள். இன்னொண்ணு தன் வாழ்நாளில் முதல் தடவையாக இன்னொண்ணு கேட்கவில்லை.

முந்நூற்று நாற்பதுக்குப் பிறகு அவளுக்கு வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த வாரம் ஆபரேஷன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். காலையில் பதிவை ஆரம்பித்தால் மதியம் வரை நிறுத்தமாட்டேன், நடுவில் யார் எழுந்து போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தடவை முழுதாகக் கேட்பேன், அதற்கப்புறம்தான் வெட்டுவேன். இந்த இரண்டும் என் சட்டம். புதிதாக வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வேன். என் மனைவிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்தப் பதிவை மட்டும் நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் கழுத்தில் துளையோடு படுத்திருந்தாள். ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன், "பின்னால பாரு!" என்றாள், கழற்றிவிட்டேன். என்னால் முடியவில்லை. எண் சொன்ன இடத்திலிருந்து வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருப்பதையெல்லாம் தானாக வெட்டிவிடும் ஒரு சின்ன நிரலை நானே எப்போதோ எழுதி வைத்திருந்தேன். அதை ஓட்டினேன். முந்நூற்று நாற்பது துண்டு வந்தது, அனுப்பினேன். கேம் வெளிவரும் முன் கதை கசிந்துவிடக்கூடாது என்பதால் மூலப் பதிவை அழித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அழித்தேன், போட்டேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டில், அவள் மடியில் வைத்திருக்கும் சின்னப் பலகையில் எழுதிக் காட்டினாள்: கேட்டியா?

"எதை?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுதினாள்: வெந்நீருக்குப் போனியே. அப்ப.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எனக்குப் புரிந்துவிட்டது என்பதும், அந்தப் பதிவு இப்போது இல்லை என்பதும் அவளுக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆகவில்லை. வீட்டில் மூன்று நாள் வராத பேச்சு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் இல்லாத அந்த ஒன்பது நிமிடத்தில் அவளுக்கு வந்திருக்கிறது. எப்படியும் இவன் முழுதாகக் கேட்பான் என்று நம்பிப் பேசியிருக்கிறாள்.

"சாஃப்ட்வேர் வெட்டிடுச்சு" என்றேன். "நான் கவனிக்கலை."

பலகையை அழித்துக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் அந்த விஷயத்தைப் பற்றி அவள் எழுதவே இல்லை.

அழிந்த தரவை மீட்டுத்தரும் ஒருவரிடம் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல வேற சீரியலைப் பதிவு பண்ணியிருக்கீங்க அண்ணே. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" என்றார். அன்றிலிருந்து எனக்கும் பேச்சு நின்றுவிட்டது. வேண்டும் என்று நிறுத்தவில்லை. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினால் வாயும் சாத்திக்கொள்ளும். தலையாட்டுவேன், கை காட்டுவேன். அவள் பேச முடியாத வீட்டில் நான் பேசுவது திருட்டு மாதிரி இருந்தது.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு நாள் கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்து காட்டினாள். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் கொரகொரவென்று ஒரு இயந்திரக் குரல் வரும். கழுத்து நன்றாக ஆறினதும் பழகலாம், வேறு வழிகளும் உண்டு என்றாள். என் மனைவி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: இத்தனை வருஷம் ரோபோ உள்ளே உட்கார்ந்து ஓட்டினேன். இப்போ நானே ரோபோவா? அந்தப் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கேம் பார்சலில் வந்தது, விற்பனைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே. நான் பிரிக்காமல் பரணில் போட்டேன். வாலு நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டாள்.

முதல் ஆட்டத்தில் அவள் நீலநிற ரோபோவை எடுத்துக்கொண்டு, இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவியை அம்மா கையில் திணித்தாள். "நீ வெள்ளை. நீ வெள்ளைதான்." களம் திறந்தது. "நான் இருக்கேன், நீ போ!" என்று டிவியிலிருந்து அம்மா குரல் வந்தது. வாலு ஆட்டத்தை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி வாயைப் பார்த்தாள். "இது எப்பப் பேசினது?" என்றாள். அம்மா பதில் எழுதுவதற்குள் எதிரி ரோபோ ஞாபகம் வந்து ஆடத் தொடங்கிவிட்டாள்.

பலகையில் எழுதிக்கொண்டு சண்டை போட முடியாது, இரண்டு கையும் வேண்டும். அதனால் என் மனைவி உதட்டை மட்டும் அசைப்பாள். வாலு ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடுவாள். "இடதுபக்கம் வராதே. சரி, வரலை. கேடயத்தைத் தூக்கு. தூக்கிட்டேன்மா, பார்க்கலையா?" ஒரு மாதத்தில் உதடு அவளுக்குப் பாடமாகிவிட்டது. காய்காரரிடம், பள்ளிக்கூட டீச்சரிடம், போனில் சித்தியிடம் எல்லாம் அம்மாவுக்கு இவள்தான் டப்பிங். அதிலும் அதிகாரம் வேறு. "அம்மா, நீ வாயை மூடிட்டே, எனக்கு இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு, மெதுவா பேசு" என்பாள். தாயைப் போல பிள்ளை. நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், உள்ளே போகமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஆட்டம் மும்முரம். எதிரிகள் இரண்டு பேரும் வெண்காவலனைச் சூழ்ந்துகொண்டார்கள் போலிருக்கிறது. "அம்மா, பின்னாடி! பின்னாடி!" என்று வாலு கத்தினாள். அப்போது அந்த அலறல் வந்தது. முந்நூற்று ஒன்று. இத்தனை நாளில் நான் வீட்டில் இருக்கும்போது வெண்காவலன் வெடித்து விழுந்ததே இல்லை, அன்றைக்குத்தான் அதை அந்த வீட்டில் முதல் தடவை கேட்டேன். அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்பது நிமிடத்தை வெட்டி எறிந்தவன் நான். கையிலிருந்த கல் தொட்டிக்குள் விழுந்தது.

"அணைங்க அதை! அணைங்கன்னு சொல்றேன்ல!"

கூடத்தின் வாசலில் நின்று கத்தினேன். ஒன்றரை மாதத்தில் நான் அந்த வீட்டில் பேசின முதல் பேச்சு அதுதான். வாலு பயந்துபோய் அம்மாவின் முழங்கைக்குப் பின்னால் ஒண்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நின்ற இடத்திலேயே சோப்புக் கையோடு அழுதேன்.

என் மனைவி டிவியை அணைத்தாள். என்னைச் சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னாள். பிறகு வாலுவைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே உட்காரவைத்தாள். கையை மேலே தூக்கிக் காட்டினாள். அது எங்கள் ஸ்டுடியோ சைகை, தயாராக இரு என்று அர்த்தம். உதடுகள் அசைய ஆரம்பித்தன.

வாலு சொன்னாள்: "மணி பதினொண்ணரை. சிடுமூஞ்சி வெந்நீர் எடுக்கப் போயிருக்கான்." நிறுத்தினாள். "யாரும்மா சிடுமூஞ்சி? அப்பாவா?"

அம்மா தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"வாலு, அம்மா பேசறேன். நீ இதை எப்பக் கேட்பேன்னு தெரியலை. பெரியவளாக்கூட இருப்பே. நான் ஆஸ்பத்திரியில இருக்கிறப்ப உனக்குத் தலை சீவறேன்னு அப்பா சிக்கை இழுத்து இழுத்து எடுப்பாரு. பொறுத்துக்கோ. அவருக்கு ஒயரைச் சுத்தத்தான் தெரியும், முடி தெரியாது." வாலு தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் உன்னைத் திட்டின வார்த்தையெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கட்டும். கொஞ்சினது மறந்தாலும் பரவாயில்லை, திட்டுலதான் என் குரல் நல்லா இருக்கும்."

அப்படியே போனது. எல்லாவற்றையும் இங்கே எழுதமாட்டேன், அது வாலுவுடையது. சில வார்த்தை அவளுக்குப் பிடிபடவில்லை, அம்மா திரும்பச் சொன்னாள். ஒரு இடத்தில் வாலு பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா காத்திருந்து, அதே வரியிலிருந்து மறுபடி எடுத்தாள்.

பிறகு என் மனைவி என் பக்கம் திரும்பினாள். வாலு எட்டிப் பார்த்து உதட்டைப் படித்தாள்.

"இது உனக்காம்பா. சிடுமூஞ்சி, உன்னை எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு அப்புறம் நீ வாயை மூடிட்டுத் துக்கம் காப்பே. காக்காதே. நம்ம வீட்டுல ஒருத்தருக்குத்தான் குரல் போகப்போகுது." வாலு அம்மாவைப் பார்த்தாள். "போகப்போகுதா? போயிடுச்சேம்மா. போயிடுச்சுன்னு சொல்லட்டுமா?"

அம்மா விரலை ஆட்டினாள். வசனத்தை மாற்றக்கூடாது.

"ஒருத்தருக்குத்தான் குரல் போகப்போகுது. ரெண்டு பேருக்கு இல்லை. அவ்வளவுதான், நீ படியேறி வர்ற சத்தம் கேக்குது." வாலு மூச்சு விட்டாள். "முடிஞ்சுதாம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். வாலு என் முழங்காலைத் தட்டி, "அப்பா, இப்ப நீ பேசணும்" என்றாள்.

செருமிக்கொண்டேன். பழக்கம் விட்டுப்போன தொண்டை, முதலில் பிசிறியது.

"சாஃப்ட்வேர் மேல பழி போட்டேன். பொய். அது ஓட்டினா நடுவுல இருக்கிறது போகும்னு எனக்குத் தெரியும். முழுசா ஒரு தடவை கேட்டிருக்கணும். கேட்கலை. ஆஸ்பத்திரியில உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன், உன் குரல் வந்தது, எனக்குத் தைரியம் இல்லை. பயந்துட்டேன். கவனிக்காம விட்டது இல்லை அது."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையை எடுக்கவில்லை. உதடு ஒரே ஒரு தடவை அசைந்தது. நான் வாலுவைப் பார்த்தேன்.

"தெரியுமாம்" என்றாள் வாலு.